ஸ்கூடாயிலிருந்து சாஆவுக்கு: மூன்று வாழையிலையும் ஓர் அமெரிக்கத் தேர்தலும்

ஜொகூருக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. போன செப்டம்பரில் என் சித்தப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள். இருவரையும் ஒரே காரில் ஏற்றி, சாஆவில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய், படையல் போட்டு, அடிதடி இல்லாமல் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு. வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கிள்ளானில் அரசாங்கக் கிளினிக்கில் முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை என்று குடும்பமே கூடி முடிவு செய்துவிட்டது.

மூத்தவன் சேகர், இளையவள் மாலா. இரண்டும் மாற்றிய பெயர்கள். இந்தப் பதிவை இருவருக்கும் அனுப்பி, சரி என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். அமெரிக்காவில் இருவரும் ஒரே மாநிலத்தில், நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை, ஆளுக்கொரு கட்சி. மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சித்தப்பாவின் இறுதிச் சடங்கில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் மாலாவுக்குப் பதினெட்டாவது வாரத்தில் குழந்தை தங்காமல் போனது. அது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். எப்படிப் போனது என்பது அவள் கணவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் சேகர் எங்கள் குடும்பப் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், ஒரு படம் அனுப்பினான். அவன் ஆதரிக்கும் அரசியல்வாதி கைக்குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் என்று கீழே பெருமையாக எழுதியிருந்தது. மாலா அந்த நிமிடமே குழுவைவிட்டு வெளியேறினாள். சேகருக்கு இன்றுவரை, அதாவது அந்தப் பயணம்வரை, காரணம் அரசியல் என்றுதான் நினைப்பு. "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அக்கா. அதுவா வந்து கேக்கணும்" என்று மாலா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மூன்று வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கோலாலம்பூரிலிருந்து லார்கினுக்குக் காலை எட்டரை மணி பஸ், முப்பத்தைந்து வெள்ளி (ரிங்கிட்). நான்கரை மணி நேரம் என்று எழுதியிருந்தார்கள், நான்கு மணி ஐம்பது நிமிடம் ஆனது. லார்கினிலிருந்து ஸ்கூடாய்க்குச் செயலியில் கார் பிடித்தேன், இருபத்து நான்கு வெள்ளி. ஓட்டுநர் நம்மவர், பதினொரு வருடம் சிங்கப்பூருக்குப் போய்வந்து வேலை பார்த்து அலுத்துப்போய் இதற்கு வந்தவர்.

"இந்த நேரத்துல ஸ்கூடாய் ஜேம் லா அக்கா. பசியாறிட்டீங்களா? இல்லன்னா ஒரு கடை காட்றேன்" என்றார்.

வந்த காரியத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிக்னலில் நின்றபடி முழுசாகத் திரும்பிப் பார்த்தார்.

"அலமாக்! அமெரிக்காக்காரன் எலெக்‌ஷனுக்கு நம்ம புள்ளைங்க சாஆவுல அடிச்சிக்கிதுங்களா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நம் ஊரில் தேர்தல் வந்தால் டோல், விலைவாசி, தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம் என்று பேசுவார்கள். கருக்கலைப்பைப் பற்றி ஒரு வேட்பாளர் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. சட்டம் என்னவோ இருக்கிறது. தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடு என்று மருத்துவர் மனமார நினைத்தால் செய்யலாம். அப்படி ஒரு சட்டம் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. கிளினிக்கில் என் முன்னால் உட்கார்ந்து அழுத பெண்களில் எத்தனையோ பேருக்குத் தெரியவில்லை. நானும் எல்லாரிடமும் சொன்னதில்லை, அது தனிக் கதை.

அன்றிரவு ஸ்கூடாயில் மாணவர்கள் தங்கும் பகுதியில் ஒரு சின்ன ஹோட்டல், தொண்ணூற்றெட்டு வெள்ளி. சுத்தமாக இருந்தது, சுடுதண்ணீர் வந்தது. சேகர் அதே ஹோட்டலில் மேல் மாடி. மாலா தோழி வீட்டில்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இலையும் பூவும் வாங்கப் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, கிளம்பினேன். "மூணு இலை வாங்கிடுங்க அக்கா" என்று மாலாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. நேர வித்தியாசத்தில் தூக்கம் கெட்ட சேகரும் கூட வந்தான். நாற்பத்தைந்து வயது, காதோரம் நரை, இன்னமும் அப்பாவைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறான். அமெரிக்கா போன பிறகு ஞானஸ்நானம் எடுத்தவன். படையலுக்கு வருவான், ஓரமாக நிற்பான், படைத்த சோற்றைத் தொடமாட்டான். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை, பழகிவிட்டது.

"எத்தன எலைமா?" என்றார் இலை விற்கும் அம்மா.

"ரெண்டு. அப்பாவுக்கு ஒன்னு, அம்மாவுக்கு ஒன்னு" என்றான் சேகர்.

"மூணு குடுங்க" என்றேன் நான்.

"எதுக்குக்கா மூணு?"

"மாலா கேட்டா. எதுக்குன்னு அவளையே கேளு."

அவன் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தக்காளி வாங்குவது எங்கள் திட்டத்திலேயே இல்லை. மூன்று இலையும் மூன்று வெள்ளி. நான் காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

வாடகைக் கார் ஒரு நாளைக்கு நூற்று நாற்பது வெள்ளி. எட்டே காலுக்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். சேகர் முன்னால், மாலா பின்னால், இலைக்கட்டு மாலாவின் மடியில். காரில் ஏறும்போதே சட்டம் போட்டேன், அமெரிக்கா என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. கூலாய் தாண்டும்வரை தாங்கியது. அங்கே வானொலிச் செய்தியில் நவம்பர் தேர்தலைப் பற்றி ஒரு வரி வந்துவிட்டது. அதற்குப் பிறகு இருவரும் பேசினார்கள், ஆனால் என்னிடம்.

"அக்கா, முன்னயெல்லாம் ரெண்டு கட்சியிலயும் ரெண்டு மாதிரி ஆளுங்களும் இருந்தாங்க. இப்ப கட்சி பேரச் சொன்னா போதும், இந்த விஷயத்துல அந்த ஆளு என்னா சொல்வார்னு நம்மளே சொல்லிடலாம். நடுவுல நிக்கிறவனுக்கு எடமே இல்ல" என்றான் சேகர்.

"அவரு எங்க நிக்கிறாருன்னு கேளுங்கக்கா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சின்ன வயதிலிருந்து அண்ணனை நீ, வா, போ என்று கூப்பிட்டவள். 'அவரு' என்று அவள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

சேகர் நிற்கும் இடமும் எனக்குத் தெரியும். அவனுக்கு ஒரே மகள், ஒன்பது வயது, டவுன் சிண்ட்ரோம். வயிற்றில் இருக்கும்போதே பரிசோதனையில் தெரிந்து, யோசித்து முடிவு செய்யுங்கள் என்று டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினாராம். புருஷனும் பெண்டாட்டியும் அதைக் கையில் வாங்காமலே எழுந்து வந்தார்கள். "என் பொண்ணு பொறக்க வேணாம்னு சொல்ற மாதிரிதான்கா எனக்குக் கேக்குது, அவங்க கட்சி பேசறது" என்றான். அந்தக் குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறது. மாலா அத்தை என்றால் அந்தப் பிள்ளைக்கு உயிர்.

மாலாவின் கட்சிக்காரர்களும் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவளுக்கு நடந்தது எப்படியோ தெரிந்து, மேடையில் வந்து பேச முடியுமா, இரண்டு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், அழுதால் பரவாயில்லை என்று ஒரு பெண் போன் செய்தாளாம். மாலா வைத்துவிட்டாள். எத்தனை வாரம் வரை அனுமதிக்கலாம் என்று அவர்கள் வேட்பாளரைக் கேட்டால், அது பெண்ணும் மருத்துவரும் முடிவு செய்வது என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். இதை எனக்குச் சொன்னதும் மாலாதான்.

யோங் பெங்கில் இறங்கினோம். டோல் பன்னிரண்டு வெள்ளிச் சொச்சம், டோல் அட்டையில் இருபது வெள்ளியாவது வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்குப் பிடித்த ரொட்டி சானாய், சின்னம்மாவுக்கு நாசி லெமாக், ஒரு டின் கறுப்பு பீர், ஒரு பாக்கெட் சிகரெட். தாதியாக இருந்து முப்பது வருடம் புகைக்காதே குடிக்காதே என்று சொன்னவள், செத்தவருக்கு வாங்கிக் கொடுத்தேன். கடைசியாக மாலா, "ஒரு மீ கோரேங் பொங்குஸ். காரம் வேணாம்" என்றாள்.

"காலையில பத்து மணிக்கு யாரு மீ கோரேங் சாப்பிடப் போறா?" என்றான் சேகர், என்னைப் பார்த்து.

அந்த நூடுல்ஸ் பொட்டலம் எட்டு வெள்ளி. காசை அவனே கொடுத்தான்.

யோங் பெங்கிலிருந்து சாஆவுக்கு உள்சாலை, இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். இரண்டு பக்கமும் செம்பனை. குலை ஏற்றிய லாரிகள் முன்னால் போனால் பொறுமையாகப் பின்னால் போங்கள், முந்தாதீர்கள். பத்து நாற்பதுக்கு வீட்டு வாசலில் நின்றோம். தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை, ஒரு மாடி வீடு. பக்கத்து வீட்டு மலாய் அம்மா சாவியோடு வந்து, வாசலைக் காலையிலேயே கூட்டி வைத்துவிட்டதாகச் சொல்லி மாலாவைக் கட்டிக்கொண்டார்.

தெரியாதவர்களுக்காகப் படையலைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தோட்டத் தொழிலாளர் வழக்கத்தில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. அவரவருக்குப் பிடித்ததை வைத்து, கற்பூரம் காட்டி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று ஐந்து நிமிடம். பிறகு கதவைத் தட்டித் திறந்து, இலையில் இருப்பதை வீட்டு ஆட்கள் சாப்பிட வேண்டும்.

சித்தப்பா படத்துக்கு முன் ஓர் இலை, சின்னம்மா படத்துக்கு முன் ஓர் இலை. மூன்றாவது இலையை மாலா பாதியாக நறுக்கி, சின்னம்மா இலையின் பக்கத்தில் ஒட்டினாற்போல் போட்டாள். அதற்கு முன்னால் படம் எதுவும் இல்லை. ஒரு டம்ளர் பால் வைத்தாள், மீ கோரேங்கைப் பிரித்து வைத்தாள். அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும். அது வயிற்றிலிருந்த பதினெட்டு வாரமும் மாலாவுக்கு மீ கோரேங் ஆசை. அங்கே கிடைக்கவில்லை என்று வாரத்துக்கு நான்கு தடவை எனக்குப் போன் போட்டு அழுவாள்.

சேகர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முகம் மாறியதை நான் பார்த்தேன்.

கற்பூரம் காட்டி வெளியே வந்து கதவைச் சாத்தினோம். மழை பிடித்துக்கொண்டது. கார் நிறுத்தும் கொட்டகைக்கடியில் மூன்று பேரும் ஒட்டி நிற்க வேண்டியதாயிற்று. ஒரு நிமிடம் போயிருக்கும்.

"மாலா. அந்தச் சின்ன எல யாருக்கு?"

மூன்று வருடத்தில் அவன் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"உனக்குத் தெரியலையா?"

"தெரியும்னுதான் நெனைக்கிறேன்." அவள் பக்கம் திரும்பினான். "அன்னைக்கு என்னா நடந்துச்சுமா? நான் கேக்கவே இல்ல."

அவள் சொன்னாள். அழவில்லை. பதினெட்டாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தை பிழைக்காது என்று ஸ்கேன் பார்த்த டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் இதயத் துடிப்பு இருக்கிறது, அது இருக்கும்வரை நாங்கள் கை வைத்தால் சட்டப்படி சிக்கல், ஆஸ்பத்திரி வக்கீலைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்று போனார்கள்.

"ஆனா அந்தச் சட்டத்துல விலக்கு இருக்கே" என்றான் சேகர். "தாய் உயிருக்கு ஆபத்துன்னா செய்யலாம்னு இருக்கு. நான் படிச்சிருக்கேன்."

"இருக்கு அண்ணா. எனக்கு அப்ப ஆபத்து பத்தலையாம். காய்ச்சல் வந்து, குளுரு வந்து, நான் உளற ஆரம்பிச்சப்பறம்தான் பத்துச்சு."

நான் தாதி. கர்ப்பப்பையில் தொற்றிய கிருமி இரத்தத்தில் ஏறினால் எவ்வளவு வேகமாக ஆளைக் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். மாலா அதன்பின் ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். இனிமேல் பிள்ளை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

"எத்தன மணி நேரம் வெச்சிருந்தாங்க?"

"இருபத்தொம்போது. எதிர்ல சுவத்துல கடிகாரம் இருந்துச்சு."

"எனக்கு யாரும் சொல்லல."

"நீ கேக்கல."

"புள்ள தங்கலன்னாங்க. கடவுள் சித்தம்னு நெனைச்சிட்டேன். நீ வீட்டுக்கு வந்த மறுநாளு அந்தப் படத்த வேற..." கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். மாலா அவன் சட்டை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மழையில் இறங்கிப் போய்த் தெருவில் நின்ற காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். உடம்பு முழுக்க நனைந்தது, பரவாயில்லை.

ஐந்து நிமிடம் சாத்த வேண்டிய கதவு இருபத்தைந்து நிமிடம் சாத்திக் கிடந்தது. சித்தப்பாவும் சின்னம்மாவும் அன்று நிதானமாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

கதவைத் திறந்ததும் சேகர் நேராக உள்ளே போய் அந்தச் சின்ன இலையின் முன் உட்கார்ந்தான்.

"விடு அண்ணா. நீதான் சாப்பிட மாட்டியே" என்றாள் மாலா.

"பசிக்குது" என்றான். ஆறிப்போன மீ கோரேங்கை ஒரு நூல் விடாமல் சாப்பிட்டான். பாலையும் குடித்தான்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். திரும்பும் வழியில், ஆயர் ஈத்தாம் தாண்டியதும், "கருக்கலைப்பு தப்புன்னுதான் நான் இன்னும் நெனைக்கிறேன் மாலா. உன் கட்சிக்கு என்னால போட முடியாது" என்றான். "போடச் சொல்லி யாரு கேட்டா" என்றாள் அவள். பிறகு தன் போனை முன்னால் நீட்டினாள். அவனுடைய அரசியல்வாதியின் இணையப் பக்கத்தை மூன்று வருடமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறாள். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், எந்தச் சமரசமும் கிடையாது என்று இருக்கிறது. தேர்வான பிறகு அந்த வரி காணோம், மாநிலங்கள் முடிவு செய்யட்டும் என்று வேறொரு வரி. தாய்மார்களின் உயிர் எனக்கு முக்கியம் என்பது கடைசிப் படத்தில் புதிதாக முளைத்திருந்தது. சேகர் மூன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

மாச்சாப் ஓய்விடத்தில் தே தாரேக் குடிக்க நிறுத்தினோம். அவன் குடிக்கவில்லை. அந்த அரசியல்வாதியின் அலுவலகத்துக்குத் தன் போனில் ஒரு கடிதம் தட்டினான். அனுப்பும் முன் எங்களுக்குப் படித்துக் காட்டினான். உங்களுக்கு இரண்டு முறை ஓட்டுப் போட்டவன் நான் என்று தொடங்கியது. 'என் தங்கை இருபத்தொன்பது மணி நேரம் காத்திருந்தாள். உங்கள் சட்டப்படி அவள் இன்னும் எத்தனை மணி நேரம் காத்திருந்திருக்க வேண்டும்?' என்று முடிந்தது. தே தாரேக் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. உங்கள் ஆதரவுக்கு நன்றி என்று இயந்திரம் அனுப்பிய பதில். மாலா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. இப்போதும் திங்கட்கிழமை தவறாமல் அதே கடிதத்தை அனுப்புகிறான் என்று மாலா சொன்னாள். மனிதர் எழுதிய பதில் இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் அந்த விஷயத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள், நாம் பேசுவதே இல்லை. இரண்டும் ஒன்றுதானோ என்று கிள்ளானுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தோன்றியது. அங்கே எல்லாரும் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு கத்துகிறார்கள், இங்கே எல்லாரும் கண்டும் காணாமல் போகிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவளிடம் உனக்கு என்ன ஆனது என்று கேட்க இரண்டு ஊரிலும் ஆள் குறைவு. முப்பது வருடம் கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். நானும் பல நாள் நோயாளியின் அட்டையை மட்டும் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஸ்கூடாயிலிருந்து சாஆ சுமார் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், நிறுத்தாமல் போனால் ஒன்றேமுக்கால் மணி நேரம். காலை எட்டுக்குப் பிறகு கிளம்பினால் ஸ்கூடாயிலேயே அரை மணி நேரம் போய்விடும், ஏழுக்கே கிளம்புங்கள். செப்டம்பரில் குடை அவசியம். மறுநாள் கோத்தா திங்கி அருவிக்குப் போவதாகத் திட்டம் இருந்தது, மூன்று பேரும் போகாமல் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஆகவே அருவியைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.

படையலுக்குப் போகிறவர்கள் இலையை ஸ்கூடாய்ப் பாசாரிலேயே வாங்கிவிடுங்கள், ஏழு மணிக்குப் போனால் கிழியாத நல்ல இலை கிடைக்கும். எத்தனை இலை என்று அந்த அம்மா கேட்பார். உங்கள் கணக்கைவிட ஓர் இலை கூடுதலாக வேண்டும் என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், தக்காளியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். யாருக்கு என்று போன் போட்டு அங்கேயே கேட்டுவிடுங்கள்.